ஜாமீன் யாருக்கு?
அரசாங்க உதவியில் கடன் வாங்கி, பிரபல கம்பெனியின் பெயரில் சாப்பாட்டுக் கடை திறக்கும் அமெரிக்கக் குடும்பங்கள்

அமெரிக்காவில் எந்த ஊருக்குப் போனாலும் சாலை ஓரத்தில் ஒரே மாதிரியான சாப்பாட்டுக் கடைகளைக் காணலாம். ஒரே பெயர்ப் பலகை. ஒரே நிறச் சுவர். ஒரே ருசி. ஆயிரம் மைல் தள்ளிப் போனாலும் மாறாது.

பார்ப்பவர்கள் இவை எல்லாம் ஒரே முதலாளியின் கடைகள் என்று நினைப்பார்கள். அப்படி அல்ல. பலகையில் இருப்பது பெரிய கம்பெனியின் பெயர். கல்லாப் பெட்டிக்குப் பின்னால் நிற்பவர் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர். வீட்டை அடமானம் வைத்து, சேமிப்பைக் கொட்டி, கடனும் வாங்கிக் கடை போட்டவர் அவர்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு அங்கே "பிராஞ்சைஸ்" என்று பெயர். தமிழில் பெயர் உரிமை எனலாம். கம்பெனி தன் பெயரையும், சமையல் முறையையும், கடை நடத்தும் விதத்தையும் கொடுக்கிறது. வாங்குகிறவர் முதலில் ஒரு தொகை கட்டுகிறார். பிறகு கடை நடக்கும் வரை, விற்பனையில் ஒரு பங்கைக் கம்பெனிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும் பணக்காரருக்குக் கவலை இல்லை. நடுத்தரக் குடும்பத்துக்குப் பாங்கிதான் கதி. புதுக் கடையை நம்பிப் பத்து வருஷத் தவணையில் கடன் கொடுக்கப் பாங்கிகள் தயங்கும். அந்த இடத்தில்தான் அரசாங்கம் வந்து நிற்கிறது.

1953-இல் பிறந்த இலாகா

ஐஸன்ஹோவர் ஜனாதிபதியாக இருந்தபோது, 1953-இல், சிறு வியாபாரங்களுக்கு என்றே ஓர் அரசாங்க இலாகா ஏற்பட்டது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அதை எஸ்.பி.ஏ. என்று அழைக்கிறார்கள். அதன் கடன் திட்டங்களில் பெரியது "ஏழு-ஏ" என்பது. சட்டத்தின் ஏழாவது பிரிவிலிருந்து வந்த பெயர்.

இந்தத் திட்டத்தில் அரசாங்கம் பணம் கொடுப்பதில்லை. பணம் பாங்கியுடையது. கடன் திரும்பி வராவிட்டால் ஒரு பகுதியைத் தான் கொடுப்பதாக அரசாங்கம் பாங்கிக்கு உறுதி தருகிறது. கடன் 1,50,000 டாலர் வரை இருந்தால், பாக்கியில் நூற்றுக்கு 85. அதற்கு மேற்பட்ட பெரும்பாலான கடன்களுக்கு நூற்றுக்கு 75. அதிகபட்சக் கடன் 50 லட்சம் டாலர்.

2024-ஆம் நிதி ஆண்டில் மட்டும் இப்படி 70,000-க்கு மேற்பட்ட கடன்கள் கொடுக்கப்பட்டன. மொத்தத் தொகை சுமார் 3,100 கோடி டாலர். லாரி வாங்கியவர், பல் வைத்தியசாலை வைத்தவர், துணி வெளுக்கும் கடை போட்டவர் என்று எல்லாரும் அதில் உண்டு. சாப்பாட்டுக் கடைக்காரரும் உண்டு.

இதனால் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. சாதாரணமாக மூன்று, நான்கு வருஷங்களில் கடனைக் கட்டச் சொல்லும் பாங்கி, இந்தத் திட்டத்தில் பத்து வருஷம் கொடுக்கிறது. நிலம், கட்டடம் வாங்கினால் 25 வருஷம் வரை கொடுக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைக் கைமுதலாகப் போட்டால் போதும். இடையில் தளர்த்தப்பட்டிருந்த இந்தப் பத்து சதவீத விதி, 2025 ஜூன் முதல் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. 2020-இல் கொள்ளை நோயால் கடைகள் மூடிக் கிடந்தபோது, இந்தக் கடன்களுக்கு ஆறு மாதத் தவணையை அரசாங்கமே கட்டியது. அன்று அது பல குடும்பங்களைக் காப்பாற்றியது.

சாப்பாட்டு மேஜையில் ஒரு கேள்வி

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறு நகரம். கணவர் தொழிற்சாலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். மனைவி பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறார். வீட்டுக் கடன் பாதி அடைந்திருக்கிறது. கையில் 50,000 டாலர் சேமிப்பு.

ஒரு ரொட்டிக் கடைக் கம்பெனியின் பெயர் உரிமை விலைக்கு வருகிறது. கடை போட மூன்று லட்சம் டாலர் வேண்டும். பாங்கி இரண்டரை லட்சம் கொடுக்க முன்வருகிறது.

"பயப்பட ஒன்றும் இல்லை. அரசாங்கமே ஜாமீன் நிற்கிறதாம்" என்கிறார் கணவர்.

"யாருக்கு ஜாமீன்?" என்று கேட்கிறார் மனைவி.

இந்த விஷயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

அரசாங்கம் ஜாமீன் நிற்பது பாங்கிக்கு. கடன் வாங்கியவருக்கு அல்ல. கடை மூழ்கினால் பாங்கியின் நஷ்டம் குறையும். குடும்பத்தின் கடன் ஒரு காசும் குறையாது. அந்த ஜாமீனுக்கு அரசாங்கத்திடம் ஒரு கட்டணமும் கட்ட வேண்டும். கட்ட வேண்டியது பாங்கிதான் என்றாலும், அதைக் கடன் வாங்கியவர் தலையில் வைக்கப் பாங்கிக்கு அனுமதி உண்டு. 2024-ஆம் நிதி ஆண்டில் பத்து லட்சம் டாலர் வரையிலான கடன்களுக்கு இந்தக் கட்டணம் தள்ளுபடியாக இருந்தது. 2025 மார்ச்சில் அது திரும்பி வந்தது. ஆக, பாங்கிக்குக் கிடைக்கும் பாதுகாப்புக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் கடன்காரரே!

மேலும், வியாபாரத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சொந்தப் பொறுப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். "கடை என்பது கம்பெனியாகப் பதிவானது, நான் வேறு, கடை வேறு" என்று பிறகு ஒதுங்க முடியாது. கடன் பெரிதாக இருந்து, கடைச் சாமான்கள் அதற்கு ஈடாகாவிட்டால், பாங்கி வீட்டையும் அடமானமாக எழுதி வாங்க வேண்டும். சிறிய கடன்களில் அது பாங்கியின் வழக்கத்தைப் பொறுத்தது. வீடு இருவர் பெயரிலும் இருந்தால் மனைவியும் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கேள்வி கேட்ட அதே மனைவி!

கல்லாப் பெட்டிக் கணக்கு

கடை நடக்குமா, நடக்காதா? அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சப்வே என்ற ரொட்டிக் கடைக் கம்பெனியை எல்லாரும் அறிவார்கள். 1965-இல் ஒரு பதினேழு வயதுப் பையன், குடும்ப நண்பர் ஒருவர் கொடுத்த ஆயிரம் டாலரை முதலாக வைத்துத் தொடங்கியது. அமெரிக்காவில் அதன் கடைக்காரர்கள், விற்பனையில் நூற்றுக்கு 8 டாலரைக் கம்பெனிக்கும், நாலரை டாலரை விளம்பர நிதிக்கும் கட்டுவது நெடுநாளைய வழக்கம். மொத்தம் பன்னிரண்டரை.

இதே விகிதத்தை நம் ஒஹையோ குடும்பத்தின் கடைக்கும் வைத்துக்கொள்ளலாம். வாரம் 10,000 டாலர் விற்பனை என்றால், வருஷத்துக்கு 5,20,000 டாலர். கேட்பதற்குப் பெரிய தொகைதான்.

இதில் பெயர் உரிமைக்கும் விளம்பரத்துக்கும் 65,000 போகிறது. ரொட்டி, காய்கறி, இறைச்சிக்கு நூற்றுக்கு 30 வீதம் 1,56,000. ஆட்களின் சம்பளத்துக்கும் அதே அளவு. வாடகை 52,000. மின்சாரம், இன்ஷூரன்ஸ், பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு இன்னும் 52,000.

மிச்சம் 39,000 டாலர்.

இனிமேல்தான் பாங்கித் தவணை வருகிறது. இரண்டரை லட்சம் டாலருக்கு, நூற்றுக்குப் பத்தரை வட்டியில், பத்து வருஷத் தவணை மாதம் சுமார் 3,370 டாலர். வருஷத்துக்கு 40,000-க்கு மேல். மிச்சம் இருப்பதோ 39,000!

கணவர் காலை ஆறு மணிக்குக் கடையைத் திறந்து, இரவு பத்து மணிக்கு மூடுகிறார். அவருக்குச் சம்பளம் இல்லை. வருஷ முடிவில் மனைவியின் சம்பளத்திலிருந்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறு டாலர் எடுத்துத் தவணையைச் சரிக்கட்ட வேண்டும். அதே கடையிலிருந்து கம்பெனிக்கும் விளம்பர நிதிக்கும் 65,000 டாலர் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தப் பங்கு லாபத்தில் பங்கு அல்ல, விற்பனையில் பங்கு. கடைக்காரருக்கு நஷ்டம் வந்தாலும் கம்பெனிக்கு வரும்படி நிற்காது.

விற்பனை வாரம் 8,000 ஆக இறங்கினால்? வாடகை இறங்காது. மின்சாரச் செலவும் அதிகம் இறங்காது. மிச்சம் 10,400 டாலராகச் சுருங்கிவிடும். தவணை கட்ட 30,000 டாலர் குறையும். அப்போதும் கம்பெனிக்கும் விளம்பரத்துக்கும் 52,000 போகும்.

வாரம் 14,000 விற்றால் கதையே வேறு. எல்லாத் தவணையும் கட்டி, ஆண்டுக்கு 55,000 டாலருக்கு மேல் கையில் நிற்கும். அப்படி நடக்கும் கடைகளும் இருக்கின்றன. அவற்றின் முதலாளிகள் இரண்டாவது கடை, மூன்றாவது கடை என்று போய்விடுகிறார்கள். விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர்கள் அவர்கள்தான். 8,000-க்கும் 14,000-க்கும் நடுவில் இருப்பது, ஒரு நாளைக்கு நூறு பேர் கூட வருகிறார்களா என்பதுதான். எதிரே புதுச் சாலை போட்டாலோ, அதே கம்பெனி அரை மைலில் இன்னொரு கடைக்கு அனுமதி கொடுத்தாலோ அந்த நூறு பேர் போய்விடுவார்கள்.

2015 வாக்கில் அமெரிக்காவில் சப்வே கடைகள் 27,000 வரை இருந்தன. 2024 முடிவில் அவை 20,000-க்கும் கீழே வந்துவிட்டன. மூடிய ஒவ்வொரு கடைக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் கணக்குப் புத்தகம் உண்டு.

வட்டி ஏறிய கதை

இந்தக் கடன்களில் பெரும்பாலானவற்றுக்கு வட்டி ஒரே நிலையில் நிற்பதில்லை. நாட்டின் அடிப்படை வட்டி ஏறினால் இதுவும் ஏறும்.

2021-இல் அடிப்படை வட்டி மூன்றேகால். அதற்கு மேல் பாங்கி அன்று சேர்க்கக்கூடிய உச்சம் இரண்டே முக்கால். மொத்தம் நூற்றுக்கு 6. அந்த வட்டியில் ஐந்து லட்சம் டாலர் வாங்கியவருக்கு மாதத் தவணை சுமார் 5,550 டாலர்.

விலைவாசியை அடக்க அமெரிக்க மத்திய பாங்கி 2022 மார்ச் முதல் வட்டியை உயர்த்திக்கொண்டே போனது. 2023 ஜூலையில் அடிப்படை வட்டி எட்டரை. அந்தக் கடைக்காரரின் வட்டி பதினொன்றேகால் ஆகிவிட்டது. இரண்டு வருஷம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் மாதத் தவணை 6,700 டாலரை நெருங்கியது. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. இறைச்சி, முட்டை விலையும், ஆட்கள் கூலியும் ஏறிய அதே காலத்தில் தவணையும் ஏறியது.

2024 செப்டம்பரிலிருந்து வட்டி படிப்படியாக இறங்கத் தொடங்கியது. அதற்குள் மூடியவர்கள் மூடிவிட்டார்கள்.

கடை மூடினால்

கடை மூடினால் முதலில் சாமான்கள் விலைக்கு வரும். புதிதாக வாங்கியபோது பல்லாயிரம் டாலர் கொடுத்த அடுப்பும், குளிர்ப் பெட்டியும் பழைய சாமான் விலைக்குப் போகும். பெயர் உரிமைக்குக் கட்டிய பணம் திரும்பாது. பெயரை யாரும் ஏலத்தில் எடுக்க மாட்டார்கள்.

பிறகு பாங்கி அரசாங்கத்திடம் போகும். பாக்கியில் 75 சதவீதத்தை அரசாங்கம் கொடுக்கும். பல பேர் இதோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். இல்லை. இனி அந்தப் பணத்துக்குக் கடன்காரர் அரசாங்கத்துக்கே பதில் சொல்ல வேண்டும். சமரசமாக ஒரு தொகையைக் கட்டித் தீர்த்துக்கொள்ள வழி உண்டு. அது முடியாவிட்டால் பாக்கி கஜானா இலாகாவுக்குப் போகும். வருமான வரியில் திரும்ப வரவேண்டிய தொகையை அந்த இலாகா பிடித்துக்கொள்ளலாம். அவர் வேறு வேலைக்குப் போனால், கோர்ட்டுக்குப் போகாமலேயே சம்பளத்தில் நூற்றுக்கு 15 வரை பிடிக்கலாம். வயதான காலத்தில் கிடைக்கும் அரசாங்க ஓய்வுத் தொகையிலும் கை வைக்கலாம்.

தனிப்பட்ட வட்டிக்கடைக்காரரிடம் பட்ட கடனுக்கு இவ்வளவு நீண்ட கை இல்லை.

பெயர் விற்றவர்கள்

கம்பெனிகளில் நல்லவையும் உண்டு. ஆட்களுக்குப் பயிற்சி, மொத்தமாகச் சரக்கு வாங்குவதால் குறைந்த விலை, ஊரறிந்த பெயர் இவை எல்லாம் லேசான விஷயங்கள் அல்ல. தனியாகக் கடை போடுகிறவருக்கு இவை கிடைக்கா.

ஆனால் பெயரை விற்பதிலேயே பிழைப்பு நடத்திய கம்பெனிகளும் உண்டு. பர்கரிம் என்ற கம்பெனி மீது 2022 பிப்ரவரியில் அமெரிக்க அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. அந்தக் கம்பெனி 1,500-க்கு மேற்பட்டவர்களுக்குப் பெயர் உரிமையை விற்றது. ஒவ்வொருவரிடமும் 50,000 முதல் 70,000 டாலர் வரை வாங்கியது. அவர்களில் பெரும்பாலோர் கடையைத் திறக்கவே இல்லை என்பது குற்றச்சாட்டு. கடை திறக்க முடியாவிட்டால் பணம் திரும்பும் என்று வாக்குக் கொடுக்கப்பட்டதாம். ராணுவத்தில் பணி செய்து திரும்பியவர்களுக்குத் தள்ளுபடி என்றும் ஆசை காட்டினார்களாம்.

குயிஸ்னோஸ் என்ற ரொட்டிக் கடைக் கம்பெனியின் கதை வேறு விதம். ஒரு காலத்தில் அதற்குச் சுமார் 5,000 கடைகள் இருந்தன. சரக்கு எல்லாம் கம்பெனி சொல்லும் இடத்தில்தான் வாங்க வேண்டும், விலையோ அதிகம் என்று கடைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கடைகள் ஆயிரக்கணக்கில் மூடின. 2014 மார்ச்சில் கம்பெனியும் திவால் மனுக் கொடுத்தது.

எந்தெந்தக் கம்பெனியின் பெயர் உரிமைக்கு இந்தக் கடன் கிடைக்கும் என்று எஸ்.பி.ஏ. ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2023-இல் அதை நிறுத்தி, 2025-இல் மீண்டும் கொண்டுவந்தது. இந்தப் பட்டியலைக் காட்டித் தரகர்கள், "அரசாங்கமே ஒப்புக்கொண்ட கம்பெனி" என்று பேசுவதுண்டு. அது சரியல்ல. ஒப்பந்தம் கடன் விதிகளுக்குப் பொருந்துகிறதா என்பதே அந்தப் பட்டியலின் வேலை. கடையில் கூட்டம் வருமா என்பதை அது பார்ப்பதில்லை.

பதினான்கு நாள்

வாங்குகிறவர் கையில் ஓர் ஆயுதத்தை மட்டும் சட்டம் கொடுத்திருக்கிறது. 1979 முதல் அமலில் இருக்கும் விதிப்படி, பெயர் உரிமை விற்கும் கம்பெனி தன் விவரங்களை ஒரு பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 14 நாள் முன்னால் அது கைக்கு வந்துவிட வேண்டும். அதில் 23 பகுதிகள். நூற்றுக்கணக்கான பக்கங்கள். இப்பத்திரத்தை மத்திய அரசாங்கம் படித்துப் பார்த்து முத்திரை வைப்பதில்லை. படிக்க வேண்டியவர் வாங்குகிறவர்தான்.

ஏழாம் பகுதியில் மொத்தச் செலவு இருக்கும். தரகர் வாயால் சொன்ன தொகையோடு அதை ஒப்பிட்டால் பல சமயம் ஆச்சரியம் காத்திருக்கும். பத்தொன்பதாம் பகுதி, மற்றக் கடைகள் எவ்வளவு விற்றன என்பதைச் சொல்லலாம். "சொல்லலாம்" என்றுதான் விதி. சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. வெறுமையாக விட்டுவிட்டு, வருமானத்தைப் பற்றி வாய்ப்பேச்சில் மட்டும் அள்ளி விடுகிறவரிடம் ஜாக்கிரதை வேண்டும். விற்பனைத் தொகையைச் சொல்லி லாபத்தைச் சொல்லாமல் விடுவதும் உண்டு. மேலே கண்ட கணக்கில் 5,20,000 டாலர் விற்பனை என்ன ஆயிற்று என்பது தெரிந்ததே.

ஏற்கனவே நடக்கும் கடையை வாங்குவதாக இருந்தால் இன்னொரு வசதி உண்டு. விற்பவர் அரசாங்கத்துக்குக் காட்டிய வருமான வரிக் கணக்கைக் கேட்டு வாங்கலாம். பாங்கியும் வரி இலாகாவிடமிருந்து அதைத் தனியே வரவழைத்துச் சரிபார்க்கும். வாய்க்கணக்கு ஒன்று, வரிக்கணக்கு ஒன்று என்று இருந்தால் அங்கேயே வெளிச்சமாகிவிடும். கடை வாடகை ஒப்பந்தம் எத்தனை வருஷம் பாக்கி என்பதையும் பார்க்க வேண்டும். கடன் பத்து வருஷம், இடம் நாலு வருஷம் என்றால் மிச்ச ஆறு வருஷத் தவணையை எங்கே உட்கார்ந்து சம்பாதிப்பது?

எல்லாவற்றிலும் உபயோகமானது இருபதாம் பகுதி. கடந்த மூன்று வருஷங்களில் எத்தனை கடைகள் திறந்தன, எத்தனை மூடின, எத்தனை கைமாறின என்ற கணக்கு அதில் இருக்கும். கடந்த ஆண்டில் கடையை விட்டுப் போனவர்களின் பெயரும், அவர்களைத் தேடிப் பிடிக்க விலாசமோ டெலிபோன் எண்ணோ இருக்கும். அவர்களில் சிலர் வாய் திறக்கக் கூடாது என்று கம்பெனி எழுதி வாங்கியிருந்தால், அதையும் அந்தப் பகுதியிலேயே சொல்ல வேண்டும்.

ஒஹையோ மனைவி அந்தப் பக்கத்தைத் திருப்பி, டெலிபோனைப் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறார். பட்டியலில் பதினோரு பெயர்கள். வாரம் எவ்வளவு விற்றது, ஏன் விட்டீர்கள், வீடு இன்னும் இருக்கிறதா என்று மூன்று கேள்விகளைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். கையெழுத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.